‘கரண்டு’ அன்று, கதிர்

(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசிப் பக்கமிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ உறவினர் ஒருவர் மருத்துவத்திற்காகச் சென்னைக்கு வந்து ஒன்றரை மாதம் தங்குகிறார் என்றால், ‘கரண்டு வைக்கிறார்கள்’ என்னும் பேச்சு வீட்டில் தாழ்ந்த குரலில் புழங்கத் தொடங்கும். அச்சொல் பிழையானது. புற்றுநோய்க்குத் தரப்படும் கதிர் மருத்துவத்தில் நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்வதில்லை. கதிர் படும் அச்சில நிமிடங்களில் வலி தோன்றுவதுமில்லை. ஆயினும் பெயரைக் கேட்டே அஞ்சி, கட்டி சிறிதாக இருக்கையில் வராமல், பெருத்த பின்னர் வருவோர் இன்றும் உளர். விழா நாளில் நோயைப் பேசலாமா எனச் சிலர் எண்ணலாம். குடும்பம் முழுதும் ஓரிடத்தில் கூடுவது விழா நாளில்தானே!

1895ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் செருமானிய அறிஞர் இராண்ட்சென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உடலை ஊடுருவிப் பார்க்க உதவிய கதிர், விரைவிலேயே நோயைச் சுடவும் பயன்பட்டது. சென்னையில் இத்துறை வேரூன்றிய வரலாறு அடையாற்றுக்கு உரியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று பல்லாண்டு போராடினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021இல் மறையும் வரை அந்நிலையமே அவர்தம் வாழ்வாயிற்று.

அவ்வளவு சிறிய மருத்துவமனை, 1950களின் பிற்பகுதியிலேயே கனடாவிலிருந்து ஒரு கோபால்ட் கருவியைப் பெற்றது. இந்தியாவுக்கு வந்த முதற் கோபால்ட் கருவி அதுவே. கோபால்ட் கொண்டு உலகில் முதன்முதல் நோயாளிக்கு மருத்துவம் செய்யப்பட்டது 1951இல், அதே கனடாவில்தான். நோய் கண்டோர் பெரும்பாலும் ஏழைகளாயிருந்த ஊருக்கு, உலகின் புதுமை சில ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்ததை அருஞ்செயல் என்றே சொல்லவேண்டும்.

கோபால்ட்டால் விளைந்த நன்மை யாது? பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளின் ஆற்றல் குறைவு. அவற்றின் கதிர் மிகுதியாகச் சுட்டது மேல்தோலையே. ஆழத்திலுள்ள கட்டிக்குப் போதிய அளவு சென்று சேருமுன் தோல் வெந்துவிடும். கோபால்ட் 60 உமிழும் காமாக் கதிரோ, தோலைக் கடந்து ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் தன் உச்ச அளவை எய்தும். தோல் பெரிதும் தப்பிற்று. ஆழத்திற்கும் கதிர் எட்டிற்று.

அதற்கும் ஒரு குறை உண்டு. கோபால்ட் தேய்ந்துகொண்டே இருக்கும். ஐந்தேகால் ஆண்டில் அதன் வலிமை பாதியாகும். முன்பு இரண்டு நிமிடத்தில் தந்த அளவைத் தர அப்போது நான்கு நிமிடம் வேண்டும். திங்கள்தோறும் அத்தேய்வைக் கணக்கிட்டு நேரத்தைத் திருத்துபவர் மருத்துவ இயற்பியலர். மருத்துவர் கையொப்பமிட்ட அளவு நோயாளியின் உடலில் உள்ளபடி சேர்கிறதா என அளந்து பார்ப்பவரும் அவரே. நோயாளிகள் வருமுன், காலையிலேயே கருவியைச் சோதித்துவிடுவார். குணமடைந்தோர் மருத்துவரின் பெயரை நினைவில் வைப்பர். இவரைப் பெரும்பாலும் பார்த்தே இரார். கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு உண்டு. இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகள் மென்பொருளை மட்டுமே நாடாமல் இதனையும் விசாரித்துப் பார்க்கலாம்.

பின்னர் வந்தது நேரியல் முடுக்கி. எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்குமளவு விரைவுபடுத்தி, டங்ஸ்டன் தகட்டில் மோதச் செய்து வலிய எக்ஸ் கதிரை எழுப்பும் கருவி அது. மின்விசையை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். அதன் வாயிலில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் தனித்தனியே நகர்ந்து, கட்டியின் வடிவத்திற்கே கதிரை வெட்டித் தரும். இதற்குக் கட்டியின் வடிவம் முன்னரே தெரியவேண்டும் அன்றோ? முற்காலத்தில் ஈயக் கம்பியை உடலின் மேல் வளைத்து உருவரை எடுத்துக் கணக்கிட்டனர். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படமெடுத்த பின்னரே, உடலைத் துண்டு துண்டாய்ப் பார்த்துத் திட்டமிடும் வழி பிறந்தது.

தரமணியில் 2019இல் தொடங்கிய புரோட்டான் மையம் அடுத்த படி. தெற்காசியாவில் அதுவே முதலாவது. எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டியும் செல்லும். புரோட்டானோ வழியில் சிறிதே ஆற்றலைச் செலவிட்டு, நிற்குமிடத்தில் மிகுதியைக் கொட்டி, அங்கேயே ஒடுங்கும். வளரும் குழந்தைகளுக்கு இது பெருந்துணை. எனினும் செலவு மிகுதி. எல்லா நோய்க்கும் இது தேவையுமில்லை. புதியது என்பதற்காக வீட்டை விற்று ஓடவேண்டா.

இனி, வீடுகளில் எழும் ஐயங்கள். ஒரே நாளில் முடிக்காமல் ஐந்தாறு வாரம் இழுப்பது ஏன்? நல்ல உயிரணுக்கள் இடைவேளையில் தம்மைச் சீர்செய்துகொள்ளும். புற்றணுக்களுக்கு அத்திறம் குறைவு. ஆகவே சிறுகச் சிறுகத் தருவர். சில நோய்களுக்கு இப்போது நாள்கள் குறைந்தும் உள்ளன. நடுவில் தாமாக நிறுத்திவிட்டு ஊருக்குச் செல்வது, எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக இடங்கொடுக்கும். வெளியிலிருந்து கதிர் பெற்று வந்தவரிடம் கதிர் ஒட்டிக்கொண்டிருக்குமோ? இராது, பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினை உட்கொண்டவர் மட்டும், மருத்துவர் குறித்த நாள்கள்வரை விலகியிருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று நம் குடும்பங்களுக்கே உரியது. தலை, கழுத்து நோய்களுக்கு முகத்தின் அளவிற்கே வார்த்த நெகிழிக் கவசம் ஒன்றை அணிவித்து, அசையாது கிடத்திக் கதிர் தருவர். நோயாளி மெலிந்தால் அக்கவசம் தளரும்; மில்லிமீட்டர் கணக்கில் வகுத்த திட்டம் பிழைபடும்; மீண்டும் ஸ்கேன் எடுத்துத் திட்டமிட நேரும். தொண்டை புண்ணாகி விழுங்குவதே அரிதாகும் அவ்வாரங்களில் நோன்பும், இரவுண்ணா நெறியும் எவ்வாறு இயையும் என்பதைச் சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவரிடமும் உணவியலரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பகற்பொழுதிற்குள் கஞ்சியும் பாலும் பருப்புநீரும் எத்தனை வேளை எவ்வளவு என்று அவர்கள் வகுத்துத் தருவார்கள்.