கேட்டுத் தெரிந்துகொள்வோம், சோதித்துப் பிடிக்க வேண்டாம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "தாய் சேய் நலம்". ஆனால் போன மாதக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்ததாகவும், "அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப்படும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதாகவும் செயலாளர் சொன்னார். கர்ப்பிணி உறுப்பினருக்குக் கூட்டமைப்பு கொடுக்கும் உதவித்தொகையை, அவர் குடிப்பதில்லை, புகையிலை போடுவதில்லை, போதை வஸ்து எதுவும் எடுப்பதில்லை என்று பரிசோதனை செய்து சீட்டு வாங்கி வந்தால்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கோரிக்கை வைத்த சகோதரியை நான் குறை சொல்லவே மாட்டேன். வயிற்றுப் பிள்ளை மேல் உள்ள அக்கறையில் கேட்டிருக்கிறார். அந்தக் கவலை நியாயமானது. தாய் குடிக்கும் மது கொப்பூழ்க்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் மூளை வளர்ச்சியும் உடல் வளர்ச்சியும் கெடலாம். கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. "உடம்பு வலிக்கு ஒரு மூடிதானே" என்பதெல்லாம் கூடாதுங்க. பிரசவமான பெண்ணுக்குக் குளிர் தாங்க பிராந்தி கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதையும் நிறுத்த வேண்டும். வாயில் அடக்கும் புகையிலையும் லேசானது இல்லை. எடை குறைந்த பிள்ளை, குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே பிள்ளை இறப்பது, எல்லாவற்றுக்கும் அது வழி செய்யும். குட்காவைத் தமிழ்நாட்டில் 2013லேயே தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் பெட்டிக்கடையில் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே ஆபத்து உண்மை. பரிசோதனைச் சீட்டு அந்த ஆபத்தைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தப் பரிசோதனையால் என்ன தெரியும் என்று பாருங்கள். குடித்த மது சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். சிறப்பான சிறுநீர்ப் பரிசோதனை செய்தாலும் சில நாட்கள் வரைதான் தடயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குடித்தவர் அடுத்த வெள்ளிக்கிழமை போனால் "நல்ல சீட்டு" வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். தேதி தெரிந்து போகிறவர் தப்பிப்பார், தெரியாதவர் மாட்டுவார்.

இன்னொரு பக்கம், ஒரு தப்பும் செய்யாதவரும் மாட்டலாம். நாம் குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிறோமே கசகசா, அதைச் சாப்பிட்டவரின் சிறுநீரில் அபின் வகை இருப்பதாகக் காட்ட வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 2010ல், கசகசா தூவிய ரொட்டி சாப்பிட்ட ஒரு தாயின் பச்சைக் குழந்தையை இப்படி ஒரு பரிசோதனையை வைத்து அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய், சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இரத்தக் கொதிப்புக்காகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் லேபடலால் மாத்திரையே போதை மருந்து போலக் காட்டுவது உண்டு. முதல் சோதனையில் வந்தது சரிதானா என்று உறுதி செய்ய வேறு பெரிய சோதனை வேண்டும். அந்த வசதி நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடையாது. தப்பான சீட்டு ஒன்று போதும், மாமியார் வீட்டில் அந்தப் பெண்ணின் மானம் போய்விடும். அப்புறம் திருத்திக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

சோதித்துப் பிடிக்கும் வழியை ஒரு ஊரில் செய்தே பார்த்துவிட்டார்கள். அதே அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரம். 1989ல் அங்கே ஓர் அரசு மருத்துவமனையில், பிரசவத்துக்கு வரும் பெண்களில் சிலருடைய சிறுநீரை, போலீசுக்காக என்று சொல்லாமலே, கொக்கெய்ன் இருக்கிறதா என்று சோதித்து, முடிவைப் போலீசுக்குக் கொடுத்தார்கள். 30 பெண்கள் கைதானார்கள். அதில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் போகும் தனியார் ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் சோதிக்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2001ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், போலீசுக்குக் கொடுப்பதற்காகச் சம்மதம் இல்லாமல் இப்படிச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. டென்னசி மாநிலம் 2014ல் கர்ப்பிணிகளைத் தண்டிக்கவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெண்கள் பயந்துபோய் மருத்துவரிடம் வருவதையே தவிர்த்தார்கள். 2016ல் அந்தச் சட்டத்தை நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இது எங்கேயோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். பயந்தவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இந்த எண் சும்மா வந்துவிடவில்லை. வீடு வீடாக நடந்து, "வாம்மா, பயப்படாதே" என்று சொல்லிச் சொல்லி வந்த எண். நாமே ஒரு சீட்டைக் காட்டி அதைக் குறைத்துவிடக் கூடாது.

"அப்படியென்றால் கர்ப்பிணிக்கு எந்தச் சோதனையுமே வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். இரத்த அளவு, சர்க்கரை, கொதிப்பு எல்லாம் பார்க்கிறோம். எச்.ஐ.வி.யும் பார்க்கிறோம். ஆனால் எச்.ஐ.வி.க்கு எப்படிப் பார்க்கிறோம்? முதலில் எதற்கு என்று விளக்குகிறோம். சம்மதம் கேட்கிறோம். முடிவை ரகசியமாக வைக்கிறோம். இருந்தால் பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்க மருந்து கொடுக்கிறோம். சம்மதமும் ரகசியமும் கட்டாயம் என்று 2017ல் சட்டமே வந்துவிட்டது. இரண்டு சோதனைக்கும் வித்தியாசம் இதுதான்: ஒன்றின் முடிவில் மருந்து இருக்கிறது, இன்னொன்றின் முடிவில் உதவித்தொகை நிறுத்தம் இருக்கிறது.

நான் வேலை பார்த்த காலத்தில் செங்கல் சூளையில் ஒரு பெண். ஐந்தாம் மாசம். மூன்று தடவை போனேன், "பழக்கம் ஒண்ணும் இல்லீங்க"ன்னுதான் சொன்னாள். நாலாவது தடவை மாமியாரும் மேஸ்திரியும் இல்லாத நேரத்தில் கேட்டேன். "நர்சம்மா, போயிலையை அடக்கிக்கிட்டா பசி தெரியாது. சாயங்காலம் வரைக்கும் கல்லு அறுக்கணுமே"ன்னாள். எந்தச் சிறுநீர்ச் சோதனையாவது இதைச் சொல்லியிருக்குமா? அங்கன்வாடியில் சொல்லி சத்துமாவு வாங்கிக் கொடுத்தோம். பக்கத்துக் குழுவில் இருந்த ஒரு அக்கா மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எட்டாம் மாசத்தில் விட்டுவிட்டாள். பிள்ளை ரெண்டே முக்கால் கிலோ. சீட்டுக் கேட்டிருந்தால் அந்தப் பெண் என் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டாள்.

அதனால் என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் 2014ல் சொன்ன வழி எளிமையானது: எல்லாக் கர்ப்பிணிகளிடமும், ஆரம்பத்திலேயே, ஒவ்வொரு தடவை வரும்போதும் கேளுங்கள். "எல்லாரிடமும்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். காலனிப் பெண்ணிடம் மட்டும், கூலிக்காரப் பெண்ணிடம் மட்டும் கேட்டால் அது விசாரணை. எல்லாரிடமும் கேட்டால் அது அக்கறை. தனியாகக் கேளுங்கள். "குடிக்கிறியா?" என்று கேட்காதீர்கள். "உடம்பு வலி, தூக்கம் இல்லைன்னா என்னம்மா பண்றே?" என்று கேளுங்கள்.

யாராவது உண்மையைச் சொன்னால் ஒன்றை மறக்காதீர்கள். தினமும் நிறையக் குடித்துப் பழகியவரை "இன்னையிலிருந்து தொடாதே" என்று வீட்டிலேயே நிறுத்த வைக்கக் கூடாது. வலிப்பு வரலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். போதை மறுவாழ்வுக்கு 14446, புகையிலையை விட 1800 11 2356, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104, மூன்றும் இலவச எண்கள். போலீஸ் பிடிக்கும் என்ற பயம் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவில் வைத்திருந்தவரோ பயன்படுத்தியவரோ தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்க இடம் தருகிறது.

இன்னொன்று. இவ்வளவு நேரம் பெண்ணைப் பற்றியே பேசுகிறோம். குடித்துவிட்டு வந்து ஏழு மாச வயிற்றில் எட்டி உதைக்கிற புருஷனுக்கு எந்தச் சீட்டுக் கேட்கப்போகிறோம்? பக்கத்தில் உட்கார்ந்து பீடி ஊதுகிற மாமனாருக்கு? பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்த வீட்டையே பார்க்க வேண்டும். அடி விழுகிற வீடென்றால் 181க்குப் போன் போடுங்கள்.

ஆகவே தீர்மானப் புத்தகத்தில் எழுத நான்கு வரி கேட்கிறேன். உதவித்தொகைக்குப் பரிசோதனைச் சீட்டு வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவிலும் கர்ப்பிணிகளோடு தனியாகப் பேச, எல்லாரும் நம்புகிற ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டும். அவர் கேட்டதைக் கூட்டத்தில் பேசக் கூடாது, பதிவேட்டில் எழுதவும் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் துணைக்கு ஒருவர் போக வேண்டும், அன்றைய பஸ் செலவைக் கூட்டமைப்பு கொடுக்க வேண்டும்.

கடன் கொடுக்கும்போது சொத்து ஜாமீன் கேட்காமல், ஆளை நம்பித்தானே குழுவுக்குள் கொடுக்கிறோம்? அந்த நம்பிக்கையில்தான் இந்தக் கூட்டமைப்பே நிற்கிறது. கர்ப்பிணிப் பெண்ணிடம் மட்டும் ஏன் சீட்டுக் கேட்க வேண்டும்?

அடுத்த கூட்டத்தில் நல்ல முடிவாக எடுங்கள்.