வேலிக்கு அப்பாலும் பார்ப்போம்

நாட்டைக் காக்கும் படைவீரனுக்குப் பயிற்சி நிலம் வேண்டும். காட்டுயிர்களுக்குக் காடு வேண்டும். பெருகிவரும் மக்களுக்கு வீடும் சாலையும் வேண்டும். நிலமோ வளர்வதில்லை. இம்மூன்று தேவைகளும் ஓரிடத்தில் மோதினால் யாது செய்வது? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இவ்வினாவுக்குக் கண்ட விடையை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அங்கே ஃபோர்ட் பிராக் என்னும் இராணுவத் தளம் இருக்கிறது. பீரங்கிப் பயிற்சிக்கென 1918-இல் நிறுவப்பெற்ற இத்தளம் இன்று 1,60,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. மணற்பாங்கான அந்நிலத்தில் நீண்ட ஊசியிலைகளைக் கொண்ட ஒருவகைப் பைன் மரம் வளர்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த இக்காடுகளில், சென்ற நூற்றாண்டின் இறுதியில் நூற்றில் ஐந்து பங்குகூட எஞ்சவில்லை.

பீரங்கி முழங்கும் இடத்தில் அக்காடு எவ்வாறு தப்பியது? காரணம் நெருப்பு! அடிக்கடி தரையில் பரவும் சிறு தீ, புதர்களை எரித்து விதை முளைக்க இடம் தருகிறது. பைன் மரத்தையோ அதன் தடித்த பட்டை காக்கிறது. வெடிகுண்டுகளால் மூண்ட தீ, எவரும் எண்ணாமலே காட்டுக்குத் துணை புரிந்தது.

அக்காட்டில் சிறிய மரங்கொத்தி ஒன்று வாழ்கிறது. ஆண் பறவையின் தலைப்பக்கத்தில் மெல்லிய சிவப்புக் கீற்று உண்டு. பிற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தில் துளையிடும். இதுவோ முதிர்ந்த பச்சைப் பைன் மரத்தையே குடைந்து கூடமைக்கும். ஒரு கூட்டை முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகும். முதிர்ந்த மரங்கள் வெட்டப்பட்டமையால் இனம் குன்றி, 1970-இல் அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் இப்பறவை சேர்க்கப்பட்டது.

இராணுவத்தின் செயல்கள் இப்பறவைக்குக் கேடு விளைவிக்கின்றன என்று 1990-இல் வனவுயிர்த் துறையினர் முடிவு கூறினர். கூடுள்ள மரங்களுக்கு வெள்ளைப் பட்டை தீட்டப்பட்டது. அவற்றைச் சுற்றி 200 அடிக்குள் கூடாரமடிக்கவோ பள்ளந்தோண்டவோ கூடாதென்று தடை வந்தது. பயிற்சி குறைந்தால் போரில் வீரனின் உயிருக்கு ஆபத்து. தடையை நீக்கினால் ஓர் இனத்துக்கே ஆபத்து. இரு தரப்பாரும் எதிரெதிரே நின்றனர்.

பின்னர் அவர்கள் வேலிக்கு அப்பால் நோக்கினர். வெளியே இருந்த தனியார் காடுகள் வீட்டுமனைகளாக மாறிக்கொண்டிருந்தன. அதனால் பறவையைக் காக்கும் சுமை முழுவதும் தளத்தின் மீதே விழுந்தது. புதிதாகக் குடியேறுவோருக்குப் பீரங்கி ஓசையும் தீயின் புகையும் தொல்லையாகும். ஆகவே, சுற்றுப்புறம் காடாகவே இருப்பது படைக்கும் நலம், பறவைக்கும் நலம் என்பது தெளிவாயிற்று.

1995 முதல் இராணுவமும் வனவுயிர்த் துறையும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் கைகோத்தன. விரும்பி முன்வந்த உரிமையாளரிடமிருந்து நிலத்தையோ, நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டுமோ விலைக்கு வாங்கின. உரிமையை மட்டும் விற்றவர் நிலத்தைத் தாமே வைத்துக்கொண்டு மரம் வளர்க்கலாம். வீட்டுமனையாகப் பிரித்தல் ஆகாது. இத்தகைய ஏற்பாட்டை நாடெங்கும் செய்ய 2002-ஆம் ஆண்டின் இறுதியில் சட்டம் இயற்றப்பட்டது.

தளத்தினுள் திட்டமிட்டுத் தீ மூட்டினர். மரங்களில் செயற்கைக் கூடுகளைப் பொருத்தினர். 2006-இல் அவ்வட்டாரத்துப் பறவைகள் குறித்த இலக்கை எட்டின. பயிற்சித் தடைகளும் தளர்ந்தன. 2024-இல் அப்பறவையின் நிலை, அழிவை எதிர்நோக்கும் இனம் என்பதிலிருந்து ஒருபடி தணிந்த அச்சநிலைக்கு மாற்றப்பட்டது. ஆயினும் காவலை விட்டுவிட முடியாது. தீ மூட்டுவதை நிறுத்தினால் புதர் மீண்டும் மண்டும்.

இதில் நாம் கருதத்தக்கது நீதி ஒன்று உண்டு. பொதுநலத்தின் விலையை அந்நிலத்துக்காரர் தலையில் மட்டும் சுமத்தவில்லை. பொதுப் பணமும் அதில் பங்கேற்றது. மாணவர்களே, நாளை நீங்கள் பொறியாளராகலாம், படை அதிகாரியாகலாம், ஆட்சியாளராகலாம். நிலத்தைப் பற்றிய வழக்கு உங்கள் முன் வரும்போது, யாருக்கு எவ்வளவு வெட்டித் தருவது என்று கணக்கிடுமுன், எல்லோருக்கும் பொதுவான தேவை எதுவென்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கிடைத்தால் வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.