குரங்கின் மூக்கு ஏன் சில்லிட்டது?

இந்த வாரம் திருவண்ணாமலைக்குப் போறோம். பெரிய கோயிலுக்கு இல்லை, மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையில இருக்கிற அடி அண்ணாமலைக்கு. 14 கிலோமீட்டர் பாதை அது. பௌர்ணமி ராத்திரியில லட்சக்கணக்கான பேர் நடக்கிறாங்க. அதே பாதைதான் குரங்கு, நாய், மாடு எல்லாத்துக்கும் வீடு. அந்தக் கூட்டமும் விளக்கும் ஸ்பீக்கர் சத்தமும் அதுங்களுக்கு எப்படி இருக்கும்?

இது சும்மா எழுந்த கேள்வி இல்லை. 2018 மார்ச்சில திருவண்ணாமலை கோயில் யானை ருக்கு இறந்துபோச்சு. நாய்களைப் பார்த்து மிரண்டு ஓடினதுல அடிபட்டதுன்னு அப்போ செய்தி வந்தது. மிருகத்தோட பயத்தை அது ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

தெர்மல் கேமராவை நம்ம ஊர்ல ஏற்கெனவே பயன்படுத்துறாங்க. கோவை மதுக்கரையில ரயில் பாதை ஓரம் யானை வருதான்னு பார்க்க 2024-ல இருந்து இந்தக் கேமராக்கள் இருக்கு. ஆனா அது யானை எங்கே இருக்குன்னு பார்க்கிற வேலை. யானை எப்படி இருக்குன்னு பார்க்கிறது வேற கதை.

பயத்துல கை சில்லிட்டுப் போச்சுன்னு சொல்றோம் இல்லையா, அடிப்படை அதுதான். உடம்பு உஷாரானதும் தோலுக்கு அடியில இருக்கிற ரத்தக் குழாய் சுருங்கும், ரத்தம் உள்பக்கம் போகும். ரோமம் மூடின இடத்துல இது தெரியாது. அதனால மூக்கு, கண் ஓரம், காது, கோழின்னா கொண்டை, இதையெல்லாம் பார்ப்பாங்க. 2005-ல ஜப்பான்ல ரீசஸ் குரங்குகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. மிரட்டுற மாதிரி ஒரு ஆள் எதிர்ல வந்ததும் குரங்கோட மூக்கு வெப்பம் குறைஞ்சது. கிரிவலப் பாதையில நாம பார்க்கிற நாட்டுக்குரங்குக்கு ரீசஸ் நெருங்கின சொந்தம்.

அப்போ மூக்கு குளிர்ந்தா பயம்னு முடிவு பண்ணிடலாமா? அங்கதான் சிக்கல். 2015-ல இங்கிலாந்துல பால் மாடுகளை மெதுவா தடவிக் கொடுத்துப் பார்த்தாங்க. மாடு நிம்மதியா நின்னுது, ஆனா மூக்கு வெப்பம் குறைஞ்சது! பிடிச்ச தீனி வரப்போகுதுன்னு காத்திருக்கிற கோழிக்கும் கொண்டை குளிர்றதை நார்வேக்காரங்க 2012-லயே பார்த்துட்டாங்க. ஆக, உள்ளே ஏதோ மாறுதுன்னு கேமரா சொல்லும். அது சந்தோஷமா, திகிலான்னு சொல்லாது. ஒரு போட்டோ எடுத்து 'இந்த நாய் மனஅழுத்தத்துல இருக்கு'ன்னு சொல்ற ஆப் ஏதாவது வந்தா, நான் நம்ப மாட்டேன்.

அதனால கேமராவோட சேர்த்து நடத்தையையும் பார்க்கணும். குரங்கு பல்லைக் காட்டுதுன்னு செல்ஃபி எடுக்கிறோம். பெரும்பாலும் அது சிரிப்பே இல்லை, அடங்கிப்போறது, இல்லைன்னா பயம். கூடவே எச்சத்துலயும் சாணத்துலயும் இருக்கிற அழுத்த ஹார்மோனை அளக்கலாம். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள் புலிகளுக்கு அப்படித்தான் அளந்தாங்க. மிருகத்தைத் தொடவே வேண்டாம்.

சரி, அடி அண்ணாமலையில ஒரு குரங்குக் கூட்டத்தை இப்படி அளக்கணும்னா? பௌர்ணமி அன்னைக்கு மட்டும் போனா பிரயோஜனம் இல்லை. சாதாரண நாள்ல அதே குரங்கோட மூக்கு எவ்வளவுன்னு முதல்ல தெரியணும். காத்து அடிச்சாலே மூக்கு குளிரும், இப்பத்தான் தண்ணி குடிச்சிருந்தாலும் குளிரும். பகல்ல பாறை வேற வெயிலை வாங்கி சூடா இருக்கும்.

கிட்டப் போய் எடுக்கலாம்னா அதுலயும் வம்பு. இத்தாலியில நாய்களுக்கு இந்தச் சோதனை பண்ணினப்போ, டாக்டரைப் பார்த்து கண் வெப்பம் ஏறினது ஒரு பக்கம். ஒரே ஒரு நாயைத் தவிர மத்ததெல்லாம் அந்தக் கேமராவையே தவிர்க்கப் பார்த்துச்சு. தள்ளி நின்னு எடுத்தா குரங்கு மூக்கு நாலஞ்சு பிக்சல்தான் விழும். பெரிய லென்ஸ் போடலாம், ஆனா சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக் கதிரை உள்ளே விடாது. ஜெர்மானியத்துல செஞ்ச லென்ஸ் வேணும். அது நல்ல விலை.