கதவடைப்பும் ஆற்றுப்படையும்



ஆலை நிர்வாகம் தொழிலாளரை உள்ளே விடாது வாயிலை மூடிவிடுவதற்குக் கதவடைப்பு என்பது தொழிலுலகில் வழங்கும் சொல். அச்சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே தமிழிலக்கியத்தில் ஒரு வீட்டுக் கதவு அடைபட்டிருக்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பாணனின் அடுக்களை காட்டப்பெறுகிறது. கண் திறவாத குட்டிகள் பாலுக்கு முட்ட, ஈன்ற நாய் பொறாது குரைக்கிறது. கூரையின் கழிகள் விழுந்து கிடக்கின்றன. பசியால் மெலிந்தவள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு உண்ணுமுன் வாயிற்கதவை அடைத்துவிடுகிறாள். புறங்கூறும் அயலார் கண்டுவிடக் கூடாதே என்னும் நாணமே அதற்குக் காரணம். பசியைச் சொன்ன புலவர் பலர். பசியை மறைக்கும் கையைச் சொன்னவர் இவர்.

அப்பாணன் தேடிச் செல்லும் நல்லியக்கோடனின் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கியது. வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர். உப்பு விளையும் கடற்கரையை அடுத்த மண்ணிலேதான் உப்பில்லாக் கீரை வெந்தது என்பது எண்ணி எண்ணி வருந்தத்தக்கது.

இனி அதே கடற்கரையில் சற்றுத் தெற்கே வரலாம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் உப்பனாற்றை ஒட்டி நீண்டு கிடப்பது சிப்காட் தொழிற்பேட்டை. அதற்கும் தெற்கே, பெரியகுப்பம் பகுதியில் எழுந்தது நாகார்ஜுனா எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. ஆண்டுக்கு 60 இலட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பது திட்டம். ஜெர்மனியில் இயங்கி ஓய்ந்த ஆலையொன்றின் உறுப்புகளைக் கழற்றிக் கொணர்ந்து இங்கே பொருத்தலாயினர். 2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிற்று. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்நாளில் ஆலையும் பெருஞ்சேதமுற்றது. பிறகு பணி தொடரவில்லை. கடன் மிகுந்து நிறுவனம் நொடிப்புத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. 2018இல் கலைப்புக்கு ஆணையாயிற்று. பின்னர் ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் நிறுவனம் அச்சொத்தினை வாங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆலையின் இரும்பு திருடு போகும் செய்தி நாளேடுகளில் மீண்டும் மீண்டும் வந்தது. (இரும்புக்கும் இக்கரைக்கும் பழைய வழக்கொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கண்டார். அதுவும் அந்நூற்றாண்டிலேயே அணைந்தது.)

இரும்பு எங்கே சென்றது என்பதற்கு வழக்குப் பதிவேடு உண்டு. மனிதர் எங்கே சென்றனர் என்பதை யார் எழுதினர்?

ஓர் எண்ணெய் நிறுவனத்தில் வேலையிழந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தெருவில் அவருக்குப் பெயரே இல்லை. ‘ஆயில் கம்பெனிக்காரர் வீடு’ என்பதே அடையாளம். அந்த அடையாளத்தை நம்பியே வங்கி கடன் தந்தது. சம்பந்தி வீட்டார் பெண் கொடுத்தனர். வேலை போன மறுநாளும் அவருக்கு அதே விடியற்காலையில் விழிப்பு வருகிறது. குளித்து, சட்டை மாற்றி, சோற்றுப்பாத்திரத்துடன் புறப்படுகிறார். பேருந்து நிலையத்திலோ, சில்வர் பீச்சிலோ, சிதம்பரத்துக் கோயில் மண்டபத்திலோ மாலைவரை அமர்ந்திருந்து மீள்கிறார். மனைவிக்குத் தெரியும், தெரியாதவள்போல் மறுநாளும் சோறு கட்டித் தருகிறாள். சிறுபாணாற்றுப்படையின் கதவு இதுதான். ஆலைக்கதவை நிர்வாகம் அடைத்தது. வீட்டுக்கதவை நாணம் அடைக்கிறது. முன்னதைத் திறக்க வழக்குமன்றம் உண்டு. பின்னதற்கு?

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாட் சம்பளமும் விதித்தது. மீண்டும் ஆளெடுக்கும்போது நீக்கப்பட்டவர்க்கு முன்னுரிமை தரவும் சொல்லிற்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு, வேறு தொழில் பயில்வதற்கென மேலும் பதினைந்து நாட் சம்பளத்தைச் சேர்த்திருக்கிறது. ஆயினும் ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பற்றவைத்தவரும் சாரம் கட்டியவரும் ஆட்குறைப்பு என்னும் சொல்லுக்குள்ளேயே வருவதரிது. அவர்க்கு ‘நாளை முதல் வர வேண்டா’ என்பதே முன்னறிவிப்பு.

ஈண்டுதான் ஆற்றுப்படை உதவுகிறது. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள், பாதிக்குப் பாதி. அவ்விலக்கணத்தின் உயிர் வள்ளலின் புகழில் இல்லை. சொல்பவன் யார் என்பதில் இருக்கிறது. பரிசில் பெற்று மீள்பவன், பெறாது வாடி எதிர்வருபவனை நிறுத்தி, தன் வறுமையை முதலில் சொல்கிறான். ‘யானும் உன்போல்தான் இருந்தேன்’ என்ற பிறகே வழி சொல்கிறான். அடைத்த கதவின் கதையைத் தானே திறந்துகாட்டிய பின்னரே அவன் வழிகாட்டியாகிறான்.

வேலையிழந்தவர் மீண்டெழுந்த வரலாறு பலவற்றின் தொடக்கம் இத்தகைய ஒரு சந்திப்பே. முன்பே வெளியேற்றப்பட்ட பழைய தோழர் ஒருவர் தேநீர்க்கடையில் எதிர்ப்படுகிறார். தாமும் இரண்டு மாதம் வீட்டில் பொய் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே கூறுகிறார். பின்னர், ‘மணலியில் ஷட்டவுன் எடுத்திருக்கிறார்கள், நாற்பது நாள் வேலை, வா’ என்கிறார். சுத்திகரிப்பு ஆலைகள் சில ஆண்டுகளுக்கொரு முறை உலைகளை நிறுத்திக் கழற்றிப் பழுதுபார்க்கும். அப்போது வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் இரவுபகலாக வேலை. ஓர் ஆலை நிரந்தரமாக நின்றதால் தெருவுக்கு வந்தவர், வேறோர் ஆலை தற்காலிகமாக நிற்பதால் சோறு உண்கிறார். மணலி, கொச்சி, ஜாம்நகர் என்று வழி நீள்கிறது. கடல்கடந்து ஜுபைல், ருவைஸ் வரை செல்கிறது. தொல்காப்பியர் பொருள்வயிற் பிரிவு என்றது இன்று ஈராண்டு விசாவாகக் கைக்கு வருகிறது. பாலைத்திணைக்குப் பெட்ரோலிய வாடையும் சேர்ந்துவிட்டது.

போலி ஆற்றுப்படையும் உண்டு. தான் நடவாத வழியைச் சொல்பவர் முகவர். பரிசிலை மட்டும் சொல்வார், வழியைச் சொல்லார். மலைபடுகடாத்தின் கூத்தனோ, பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே, வழுக்கும் பாறை எது, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கம் வரும் என்று அச்சங்களையே நெடுக அடுக்குகிறான். பாட்டு நீண்டுவிட்டதென்று மாணாக்கர் சலிப்பதுண்டு. கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, பேசிய ஊதியம் பாதியாகி மீண்டவரைக் கேட்டால் அந்நீளம் போதாது என்பார்.

எல்லாரும் எண்ணெயின் பின்னேயே சென்றாரல்லர். நிறுவனம் தந்த தொகையில் கடை வைத்தவரும் வண்டி வாங்கி ஓட்டியவரும் உளர். பொறியாளர் மளிகைக்கடையில் நிற்பதை வீழ்ச்சி என்று எழுதும் கவிதைகள் மிகுதி. அவை அயலார் கண்ணால் எழுதப்பட்டவை. நத்தத்தனாரின் அடுக்களையில் கதவை அடைக்கச் செய்த அதே கண். ஆலைப் புகையையும் உப்பனாற்றில் மிதந்த மீனையும் நம் கவிஞர்கள் பாடியுள்ளனர், பாடவேண்டியதே. ஆனால் தெரிந்தும் தெரியாதவளாய்ச் சோறு கட்டித் தந்தவளைப் பாடியவர் அரியர். தோழர் சொல்கேட்டு மணலிக்குப் புறப்படும் காலையில் அவளும் சோறு கட்டுகிறாள். அன்றைக்கு மட்டும், எங்கே பயணம் என்று எதிர்வீட்டார் கேட்க, வாயிலில் நின்றே விடை சொல்கிறாள்.