வரி குறைந்ததா?
(கிளையின் படக்காட்சி முடிந்தபின் ஆற்றிய உரை)



படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசையில் இருந்த அக்காள் ஒருவர் கேட்டார்: "கிழவர் மறுபடியும் பதவிக்கு வந்துவிட்டார், சரி. வரி குறைந்ததா?" நாம் எழுதி வந்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டோம். அந்தக் கேள்வியைப் பற்றியே பேசுவோம்.

நாம் பார்த்த 'தி மார்க் ஆஃப் சோரோ' 1940இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ரூபன் மமூலியன் இயக்கினார். ஜான்ஸ்டன் மக்கல்லி 1919இல் எழுதிய பத்திரிகைத் தொடர்கதையே இதற்கு மூலம். 1920இலேயே டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்துப் பேசாப் படமாகவும் வந்தது. சோரோ என்றால் ஸ்பானிய மொழியில் நரி. கதை நடப்பது ஸ்பெயின் ஆண்ட கலிபோர்னியாவில்.

டைரன் பவர் நடித்த டியாகோ, மாட்ரிட்டில் வாள் பயின்று ஊர் திரும்புகிறான். தகப்பனார் வகித்த ஊர்த்தலைவர் பதவியில் இப்போது வேறொருவன். அவனுக்குத் துணை, வாளும் கையுமாகத் திரியும் ஒரு படைத்தலைவன். ஏழைகள்மீது வரிக்குமேல் வரி! டியாகோ பகலெல்லாம் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத சீமான் பிள்ளையாக நடிக்கிறான். பெற்றவரே வெட்கித் தலைகுனிகிறார். இரவிலோ முகமூடி, கறுப்புக் குதிரை. பறித்த வரிப்பணத்தை மீட்டுப் பாதிரியாரிடம் சேர்க்கிறான்.

வாள் சண்டையை நாமும் கைதட்டித்தான் பார்த்தோம். படைத்தலைவன் மெழுகுவர்த்தியின் நுனியைச் சீவுகிறான். டியாகோ வீசுகிறான், மெழுகுவர்த்தி அப்படியே நிற்கிறது. எதிரி சிரிக்கிறான். பிறகுதான் டியாகோ மேல்பாதியைக் கையால் தூக்கிக் காட்டுகிறான்! பேசில் ராத்போன் முகம் மாறியதைக் கவனித்தீர்களா?

ஆனால் அந்த வாளால் மட்டும் காரியம் முடியவில்லை. டியாகோ பிடிபட்டுச் சிறையில் கிடக்கிறான். சட்டத்தை எதிர்த்து நிற்கமாட்டேன் என்றிருந்த தகப்பனாரும் கடைசியில் வாளெடுக்கிறார். வெளியே ஏழைக் குடியானவர்கள் திரண்டு வந்து மோதுகிறார்கள். அதற்குப் பின்புதான் கொடியவன் பதவியை விட்டு ஓடுகிறான். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது படத்தில் பெயர் சொன்னார்களா? நாம் கேட்டமட்டில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் கலிபோர்னியாவின் மிஷன் நிலங்களில் உழைத்தவர்கள் அம்மண்ணின் பழங்குடி மக்கள். தப்பி ஓடினால் சிப்பாய்கள் தேடிப் பிடித்து வந்தார்கள், கசையடியும் கிடைத்தது. படத்தில் பாதிரியார் மிக நல்லவர். கதைக்கு அது பொருந்தும். சரித்திரம் அத்தனை இனிப்பாக இல்லை.

முடிவில் டியாகோ வாளைக் கூரையில் எறிந்து குத்தி நிற்கவிடுகிறான். இனிக் கல்யாணம், குழந்தை குட்டி என்கிறான். ஊர்த்தலைமை பழைய பண்ணையார் வீட்டுக்கே திரும்புகிறது. அவர் நல்ல மனிதர்தாம், மறுக்கவில்லை. ஆயினும், அக்காள், நீங்கள் கேட்ட வரிக்கணக்கைப் படம் சொல்லவில்லை. அவரிடம் போய் அதைக் கேட்க அங்கே யார் இருந்தார்கள் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

விடியற்காலையில் பிரட்டு இருக்கிறது. இருந்தாலும் பேச விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள். விளக்கு இன்னும் கொஞ்சநேரம் எரியும்.