கூலியும் கற்கும் உரிமையும்



நான் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் டேவிஸ்–பேக்கன் சட்டம், 1931. ஒன்றிய அரசின் கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினால், அந்த வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறைக்கக் கூடாது. தொழில் பழகுநருக்கு மட்டும் குறைக்கலாம். ஆனால் அவர் பெயர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லை என்றால், செய்த வேலைக்கான முழுக்கூலி. அனுமதித்த விகிதத்துக்கு மேல் பழகுநர்களை வைத்தாலும் அப்படியே.

நல்ல விதிதான். ஆனால், அந்தப் பதிவேட்டில் யார் பெயர் ஏறியது?

பல கட்டுமானத் தொழிற்சங்கங்களில் வெள்ளையரின் மகனும் மைத்துனனுமே பயிற்சிக்குள் நுழைந்தார்கள். கருப்பினத்தவருக்குச் சுமை தூக்கும் வேலை. குழாய் பொருத்தவும் மின்கம்பி இழுக்கவும் கற்க வாசல் அடைத்திருந்தது. போராட்டங்களுக்குப் பிறகு, 1969இல் பிலடெல்பியா திட்டம் வந்தது; அந்நகரில் அரசு ஒப்பந்தம் எடுப்பவர்களிடம் சிறுபான்மையினரைச் சேர்க்க இலக்கு கேட்டது.

சாதியை அறிந்த நமக்கு இது புதிதல்ல. கற்கும் உரிமையைக் காக்காத சட்டம், உள்ளே இருப்பவரின் கூலியை மட்டுமே காக்கும். கூலி எவ்வளவு என்று கேட்கும்போதே, யாருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றும் கேட்போம்.