விடுதி வாயிற்படி
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டார். அதைப் பேச என்னிலும் கற்றவர்கள் இச்சபையில் பலர் இருக்கிறார்கள். ஆகையால் பிள்ளைகளின் விடுமுறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி பெற்று வந்திருக்கிறேன்.

என் மூத்த மகள் நடக்கமாட்டாள். பிறக்கும்போது மூளைக்கு நேர்ந்த பாதிப்பினால் கைகால்கள் இறுகிவிட்டன. பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் எல்லாம் விளங்கும். இது தோட்டத்தில் யாவரும் அறிந்தது. அறியாத ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் திருகோணமலைக்குப் போனபோது அவளை அப்பாயியிடம் விட்டுவிட்டுத்தான் போனோம். "பிள்ளைக்குப் பிரயாணம் ஒத்துவராது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது பொய். தூக்கிச் சுமக்கும் சிரமமும், பிறர் பார்க்கும் பார்வையுமே காரணம். திரும்பி வந்ததும் கடல் எப்படியிருந்தது என்று தங்கையிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

மறு ஆண்டு அவளையும் கூட்டிக்கொண்டு பின்னவலைக்குப் போவதென்று தீர்மானித்தேன். நமது கேகாலை மாவட்டத்திலேயே, றம்புக்கனைக்கு அருகில் உள்ள இடம். தாயை இழந்த யானைக் குட்டிகளுக்காக 1975இல் தொடங்கப்பட்டது. அங்கே யானைகள் வீதியைக் கடந்து மகா ஓயாவுக்குக் குளிக்கப் போவதை ஆற்றங்கரை விடுதிகளிலிருந்தே பார்க்கலாம். கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்தும் மற்ற மூன்று கால்களால் நடந்த 'சாமா' என்னும் யானையின் கதையைப் பாடசாலையில் கேட்டதிலிருந்து அவளுக்கு அந்த ஊர்மேல் ஆசை.

விடுதி என்றேன். நம்மவர்க்கு ஹோட்டல் என்றால் தேநீர்க் கடைதான் நினைவுக்கு வரும். முன்பெல்லாம் கதிர்காம யாத்திரைதான் நமக்கு விடுமுறை. மடத்துத் திண்ணைதான் விடுதி. அறை எடுத்துத் தங்குவது நேற்று வந்த பழக்கம். அதில் எனக்கும் அனுபவம் போதாது. தொலைபேசியில், "பிள்ளை நடக்கமாட்டாள், சக்கர நாற்காலி உண்டு" என்றேன். "பிரச்சினை இல்லை, வாருங்கள்" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

போனோம். வாயிலில் 7 படிகள். அறை மாடியில். மலசலகூடக் கதவு 22 அங்குலம், நாற்காலி 25. (எனக்குத் தச்சுவேலைப் பழக்கம் உண்டு, அளக்காமல் விடமாட்டேன்.) ஊழியர் இருவர் ஓடிவந்து, நல்ல மனத்தோடுதான், ஒரு வார்த்தை கேளாமல் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். 11 வயதுப் பெண்பிள்ளை. திடீரென்று தூக்கியதும் உடம்பு விறைத்துவிட்டது. அன்று பகல் முழுவதும் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டாள். வெயிலோ கொளுத்துகிறது. காரணம் இரவில்தான் எங்களுக்கு விளங்கியது. தண்ணீர் குடித்தால் மலசலகூடம் போகவேண்டும். போவதென்றால் மறுபடியும் தூக்கவேண்டும்.

மறுநாட் காலையே திரும்பிவிட்டோம்.

இதற்குச் சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் அவர்களும் புழங்க வசதி வேண்டும் என்ற விதிகள் 2006இல் வந்தன. பழைய கட்டடங்களுக்கு மூன்று ஆண்டு தவணை கொடுத்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்த கலாநிதி அஜித் பெரேரா என்பவர் தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிப்படி அமையவேண்டுமென்று 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் நமது நாடு ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரையில் உல்லாசப் பயண இடங்களும், பிள்ளைகளின் விளையாட்டும் பொழுதுபோக்கும் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்தில் குறைவில்லை. அன்று நான் அளந்த கதவுதான் 22 அங்குலமாக இருந்தது.

நிற்க. நம் தோட்டத்து வாலிபர் பலர் கொழும்பிலும் கண்டியிலும் விடுதிகளில் வேலை செய்கிறீர்கள். தொலைபேசியை எடுப்பவரும், பெட்டியைத் தூக்குபவரும் நீங்களே. என்னைப்போல் ஒருவன் கேட்டால், "பிரச்சினை இல்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எத்தனை படி, எந்த மாடி, கதவு எவ்வளவு அகலம் என்று சொல்லுங்கள். இடமில்லையானால் இல்லை என்று சொல்லுங்கள். நாங்கள் வேறிடம் பார்ப்போம். தூக்கத்தான் வேண்டுமென்றால், எப்படித் தூக்குவது என்று பிள்ளையையே கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள்.

சென்ற சித்திரையில் மறுபடி பின்னவலைக்குப் போனோம், வேறொரு விடுதிக்கு. இம்முறை நான் கேட்ட கேள்விகளுக்கு, அங்கிருந்த தம்பி நாடாவை எடுத்து அளந்து பதில் சொன்னார். கீழ்மாடி அறை, கதவு 30 அங்குலம், வாயிலில் ஒரேயொரு படி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் படிக்குப் பலகை போட்டிருந்தார். பிற்பகல் யானைகள் ஆற்றில் இறங்கியபோது என் மகள் முன்வரிசையில் இருந்தாள். இரண்டு செவ்விளநீர் குடித்தாள்.

கடைசியாக ஒரு கணக்கு. இம்மண்டபத்து வாயிலில் 5 படிகள், ஒவ்வொன்றும் 6 அங்குலம். ஓரங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்று சாய்தளம் போட்டால் 30 அடி வரும். முற்றத்தில் அதற்கு இடமிருக்கிறது. இன்று காலை, மகளைத் தூக்கிவந்து இங்கே இருத்தியபின், போய் அளந்து பார்த்தேன். கல்லும் மணலும் சேர்ப்பதைப் பற்றிச் செயலாளர் தம்பியோடு பேசியிருக்கிறேன். சிரமதானத்துக்கு வர விரும்புவோர் அவரிடம் பெயர் கொடுக்கலாம்.